பேரில்லாத பால்

அம்மா வேலை பார்த்த மருத்துவமனையில் அவள் படத்தை மாட்டப் போகிறார்கள். பால் வங்கி அறையின் வாசலில். படத்துக்குக் கீழே எழுத நாலு வரி வேண்டும் என்று குழந்தை டாக்டர் என்னிடம் கேட்டார். மாதிரிக்கு அவரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். 'தாய்ப்பால் தானத்துக்காகத் தன்னை அர்ப்பணித்தவர்.'

அது தவறு. அம்மா எதற்கும் தன்னை அர்ப்பணித்தவள் இல்லை. அவள் பொறாமைக்காரி. அந்த வங்கி நிரம்பியதே அவள் பொறாமையால்தான். இதை நாலு வரியில் அடக்க எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். டாக்டர் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

அம்மா பிரசவ வார்டின் மூத்த நர்ஸ். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்குப் 'பெரிய சிஸ்டர்'. அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் 'குக்கர்'. நெடுநேரம் சத்தமே இருக்காது, பிறகு ஒரே விசில். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். "விசில் வர்றதுக்குள்ள வேலைய முடிச்சுட்டா யாருக்கும் காது வலிக்காது" என்பாள்.

பஸ் திரும்பி நிற்கும் கடைசி நிறுத்தத்தில் அந்த மருத்துவமனை இருக்கிறது. அதற்கு அப்பால் வயலும் செங்கல் சூளைகளும்தான். வார்டு ஒரு நீண்ட அறை. இரும்புக் கட்டில்கள், காற்றைவிட அதிகமாகச் சத்தம் போடும் மின்விசிறிகள், எத்தனை முறை துடைத்தாலும் போகாத லோஷன் வாசனை. பின்கதவைத் திறந்தால் சலவைக்கூடம். வெந்நீர் அண்டாவும் கொடிகளும். காற்றடிக்கும் நாளில் வெள்ளை விரிப்புகள் ஜன்னல் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும்.

புதுத் தாய்களைப் பால் கொடுக்க வைப்பதில் அம்மாவை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. தொடுவதற்கு முன் கைகளைத் தன் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொள்வாள். கூட்டமாக நிற்கும் மாமியார்களை ஏதாவது வாங்கிவரச் சொல்லி வெளியே அனுப்பிவிடுவாள். பிறகு ஒரு குரல் வரும். அவளிடம் அப்படியொரு குரல் இருப்பது அந்தக் கட்டில்களுக்கு மட்டும்தான் தெரியும். "அவசரமே இல்ல. அவனுக்கு வேற வேலை என்ன இருக்கு, உனக்கு வேற வேலை என்ன இருக்கு" என்று தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை பிடித்துவிடும்.

பள்ளி விட்டு வந்து வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவது வேறு குரல். "சாப்டியா, கணக்குப் போட்டியா, காலைக் கழுவு." அந்தச் சுருங்கிய சிவப்பு மூஞ்சிகள் மீது எனக்கு அப்படி ஒரு எரிச்சல். நேற்றுப் பிறந்தவனுக்குக் கிடைக்கிறது, எனக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில் பொறாமை பரம்பரைச் சொத்து என்று அப்பா சொல்வார். அவர் பஸ் டிரைவர். எதையும் இரண்டு வாக்கியத்துக்குமேல் பேச மாட்டார்.

என் பிறப்புப் பற்றியும் அவர் சுருக்கமாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் மாதம் முடியுமுன்னே பிறந்துவிட்டேன். அம்மாவுக்குப் பால் வரவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லும் எல்லாவற்றையும் தனக்கே செய்து பார்த்தாள். வெந்நீர்த் துணி, பிழிந்தெடுப்பது, என்னை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடப்பது. கிண்ணத்தின் அடி நனையக்கூட வரவில்லை. எல்லாம் அவள் வார்டிலேயே, அவள் தினமும் விரிப்பு மாற்றும் கட்டிலிலேயே, அவளிடம் வேலை கற்றுக்கொண்டவர்களின் கண் முன்னால். "உங்கம்மா அழுது நான் பாத்தது அப்ப ஒரு தடவைதான். அதையும் முழுசா பாக்க விடல, சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா" என்றார் அப்பா.

அப்போது சலவைக்கூடத்தில் ஒருத்தி கைக்குழந்தையோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அப்பா போய்க் கேட்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உடனே எழுந்து வந்தாள். அன்றிலிருந்து நான் தேறும்வரை தினமும் வந்தாள். நான் பிழைத்தது அந்தப் பாலில். இதில் சந்தேகம் இல்லை. அம்மாவும் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுக்க முடியாததுதான் அவளைத் தின்றது.

சலவைக்கூடத்துக்காரி அதை ஊரெல்லாம் சொல்வாள். மருந்துக்கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில், என் தாடையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "இது யாருன்னு நெனச்சீங்க, என் பால் குடிச்ச பொண்ணு" என்பாள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பெருமை. பேசத் தெரிந்ததும் நான் அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன், அவள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அம்மா அன்றே திருத்தினாள். "அத்தைன்னு கூப்பிடு." அப்பாவின் கூடப்பிறந்தவள் ஆக்கிவிட்டாள். அந்தச் சொல்லில் எந்த இடத்திலும் அம்மா இல்லை.

எனக்குக் காய்ச்சல் வந்தால் அத்தை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "என் பால் உடம்புல ஓடுது, ஒண்ணும் ஆகாது" என்பாள். அம்மா மாத்திரை அட்டையை எடுத்து அவள் கண்ணில் படும்படி மேஜைமீது வைப்பாள். காய்ச்சல் இறங்கியதும் அவரவர் கணக்கில் அவரவர் எழுதிக்கொள்வார்கள். எனக்குப் பொறியியல் படிப்பில் இடம் கிடைத்தபோது அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்றே அறிவித்தாள், அவள் பால் வீண்போகவில்லை என்று. மாலை முழுவதும் என்னைப் பாடம் படிக்க வைத்து, தூங்கவிடாமல் எழுப்பி, கணக்கு டியூஷனுக்குச் சைக்கிளில் கொண்டுவிட்டவள் உள்ளே நின்று அதைக் கேட்டாள்.

மருத்துவமனை நர்ஸுகளின் உடுப்பெல்லாம் சலவைக்கூடத்தில் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பார்கள். காசு கிடையாது. அம்மா மட்டும் தன்னுடையதை வீட்டில் துவைத்து, விடிவதற்குள் எழுந்து தேய்த்துப் போட்டுக்கொண்டு போவாள். ஏன் என்று கேட்டால், "அங்க வெளுப்பு சரியில்ல" என்பாள். அங்கே வெளுப்பு நன்றாகத்தான் இருக்கும்.

நான் படித்து முடித்து மருத்துவமனைகளுக்கான குளிர்பெட்டிகள் விற்கும் நிறுவனத்தில் சேர்ந்தேன். பொருத்துவது, பழுது பார்ப்பது, பயன்படுத்தச் சொல்லித் தருவது என் வேலை. சில வருடம் கழித்து அந்த மருத்துவமனைக்குப் புதிதாக வந்த குழந்தை டாக்டர் எங்கிருந்தோ பணம் திரட்டி ஒரு பால் வங்கி தொடங்கினார். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்குத் தாய்க்குப் பால் ஊறும்வரை மற்றத் தாய்களின் பாலைக் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் தொட்டியும் உறைய வைக்கும் பெட்டியும் எங்கள் நிறுவனத்துச் சரக்கு. பொருத்தப் போனது நான். அம்மா வார்டு வாசலில் நின்று, நான் பெட்டியை உள்ளே தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கதவு இடிக்குது பாரு" என்றாள்.

வங்கியைப் பார்த்துக்கொள்ள ஓர் இளம் நர்ஸை நகரத்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சின்ன சிஸ்டர். ஆர்வம் அதிகம், வாய் அதைவிட அதிகம். அவள் நர்ஸுகளைக் கூட்டி வைத்து விளக்கம் சொன்ன அன்று நானும் ஓய்வறையில் உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தியும் ஒன்று சொன்னாள். யாருக்கு என்ன வியாதியோ என்றாள் ஒருத்தி. பரிசோதனை செய்துதான் வாங்குவோம் என்றதற்கு, அந்தப் பரிசோதனையைப் பண்ணப் போவதும் நம் ஆள்தானே என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். எந்த வீட்டுப் பால் என்று கேட்பார்களே, என்ன சொல்வது என்று இன்னொருத்தி. தன் குழந்தைக்கு வற்றிவிடும் என்று எந்தத் தாயும் பயப்படுவாள், கேட்டால் நம்மைத்தான் திட்டுவாள் என்று மற்றொருத்தி. நல்ல காரியம்தான், ஆனால் என் அக்கா பிள்ளைக்கு என்றால் யோசிப்பேன் என்று ஒருத்தி உண்மையைச் சொன்னாள்.

பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஒல்லி நர்ஸ் மட்டும் வாய் திறக்கவில்லை. வேலை நேரத்தில் அவளுக்கு மார்பு கட்டிக்கொள்ளும். கழிப்பறைத் தொட்டியில் பிழிந்து ஊற்றிவிட்டு வருவாள் என்பது எல்லாருக்கும் தெரியும். சின்ன சிஸ்டர் அவளைப் பார்த்து, நீங்களே முதலில் கொடுத்துத் தொடங்கிவைக்கலாமே என்றாள்.

"நாம சொன்னா அவங்க குடுப்பாங்க. நாம குடுத்தா இவங்க சிரிப்பாங்க" என்றாள் ஒல்லி நர்ஸ், சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டி.

அம்மா தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். தான் தடுக்கப் போவதில்லை, விருப்பம் இருப்பவர்கள் கொடுக்கட்டும் என்றாள்.

தடுக்கவும் இல்லை. கேட்கவும் இல்லை. அதுதான் அவள் வழி. பால் மிகுந்த தாய்கள் இருப்பது அவள் வார்டில். பெரிய சிஸ்டர் கேட்டால்தான் அவர்கள் கொடுப்பார்கள். சின்ன சிஸ்டர் படம் போட்ட தட்டியோடு கட்டில் கட்டிலாகப் போய்ப் பேசுவாள். அவர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அம்மா ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த முறை பராமரிப்புக்குப் போய் உறைபெட்டியைத் திறந்தேன். வெப்பநிலை மிகச் சரியாக இருந்தது. உள்ளே இரண்டு மூன்று பாட்டில் பாலும், கணுக்கால் சுளுக்குக்கு யாரோ போட்டுவைத்த ஐஸ் பையும் இருந்தன. டாக்டர் என் பின்னால் வந்து நின்றார். "உங்க பெட்டி நல்லா வேலை செய்யுதும்மா. உங்கம்மாதான் வேலை செய்ய மாட்டேங்கறாங்க" என்றார்.

வீட்டில் கேட்டுப் பார்த்தேன். இத்தனை குழந்தைகளுக்காக மெனக்கெடுகிறவள் இதற்கு ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும் என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"பாலைக் குடுத்துட்டுச் சும்மாவா போவாளுங்க?"

அதற்குமேல் நானும் கேட்கவில்லை. யாரைச் சொல்கிறாள் என்று தெரிந்ததுதானே.

அந்த உறைபெட்டியில் இருந்த சில பாட்டில்களும் ஒரே ஒருத்தியுடையவை. தையல்காரி. கடைவீதியில் தையல்கடை வைத்திருந்தாள். நல்ல மனசு, நிறையப் பால். வேறு யாரும் கொடுக்காததால் கலக்க வேறு பால் இல்லை. அவளுடையதை மட்டும் சூடாக்கி, ஒரே ஒரு குழந்தைக்குக் கொடுத்து வந்தார்கள். அந்தக் குழந்தையின் தாய் சூளையில் கல் சுமக்கிறவள். பிள்ளை இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது. அவளுக்குப் பால் மெல்லத்தான் ஊறிக்கொண்டிருந்தது.

இங்கே சின்ன சிஸ்டர் ஒரு தவறு செய்தாள். கெட்டவர்கள் செய்யும் தவறு இல்லை, நல்ல நர்ஸ் செய்யும் தவறு. ஒருவர் உதவி செய்தால் உதவி பெற்றவரிடம் கூட்டிப்போய் அறிமுகம் செய்வது மரியாதை என்று நினைத்தாள். தையல்காரியை அழைத்துப்போய்க் குழந்தைக்கு முன்னால் நிறுத்தி, "இவங்கதான்" என்றாள். சூளைக்காரி கும்பிட்டாள். தையல்காரி அழுதாள். சின்ன சிஸ்டருக்கும் கண் கலங்கியது. இனி ஊரெல்லாம் கொடுக்க முன்வரும் என்று டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

தையல்காரி மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். தன் கையால் தைத்த குல்லாயோடு வந்தாள். போர்வையோடு வந்தாள். எடை ஏறியதா என்று சூளைக்காரியைக் கேட்காமல் நர்ஸுகளைக் கேட்டாள். "என் புள்ள இன்னிக்கு எப்படி இருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சூளைக்காரியும் சிரித்தாள். பிறகு அவள் பால் பிழிந்தெடுப்பதை நிறுத்திவிட்டாள். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த நர்ஸிடம், அவங்க பால்தான் அவனுக்கு ஒத்துக்குது, என்னுது எதுக்கு என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இதை அம்மா பார்த்தாள்.

அன்று நான் தொட்டியின் வெப்பமானியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வங்கி அறைக்குள் வந்தது அதுதான் முதல் முறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, விதிப்படி வந்தாள். சின்ன சிஸ்டர் எழுந்து நின்றாள்.

"யாரு பாலுன்னு அவகிட்ட யாரு சொன்னது?"

"நான்தான்க்கா. நன்றி சொல்லணும்ல."

"நன்றி." அம்மா அந்தச் சொல்லை ஏதோ கசப்பு மருந்தை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோலச் சொன்னாள். "ஒரு தடவ சொன்னா தீந்துடுமா அது? வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டே இருக்கணும். நடுத்தெருவுல நின்னு சொல்லணும். தெரியுமா உனக்கு?"

விசில் வந்துவிட்டது. சின்ன சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் வெப்பமானியைப் பார்த்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். வெளியாளிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "இந்த மெஷின்ல ஒருத்தி பாலைத்தான் போடணுமா?"

இல்லை என்றேன். பல பேர் பாலை ஒன்றாகக் கலந்து செய்வதுதான் முறை, கலந்தால்தான் சத்து ஒரே சீராக இருக்கும். அறுபத்திரண்டரை டிகிரியில் அரைமணி நேரம் வைத்து, சட்டென்று குளிரவைத்து, கிருமி இல்லை என்று சோதனை சொன்ன பிறகு கொடுப்பார்கள். இங்கே ஆள் இல்லாததால் ஒருத்தியுடையது மட்டும் ஓடுகிறது.

"கலந்தப்புறம் யாருதுன்னு பிரிக்க முடியுமா?"

"முடியாதும்மா."

"யாரு குடிச்சது யாருதுன்னு?"

"அந்தத் தொகுதியில யார் யாரெல்லாம் குடுத்தாங்கன்னு வங்கிக்கு மட்டும் தெரியும். ஏதாவது கோளாறுன்னா பாக்கிறதுக்கு. எந்தச் சொட்டு யாரோடதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நீ இன்ஜினியர். உன்னால?"

"என்னாலயும்தான்."

"குடுத்தவளால?"

"முடியாது."

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செய்துகாட்டச் சொன்னாள். கையில் இருந்த பாலை வைத்து முழுச் சுற்றும் ஓட்டிக்காட்டினோம். அவள் வார்டுக்குப் போகவில்லை. தொட்டித் தண்ணீர் சூடாவதையும், பிறகு குளிர்வதையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எழுந்தாள். "ஒருத்தி போதாது. நெறையப் பேரு வேணும்" என்றாள்.

மறுநாள் காலை அவளே கட்டில் கட்டிலாகப் போனாள். தட்டி, படம் எதுவும் இல்லை. கையைக் கழுத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, அந்தக் குரலில் கேட்டாள். அவள் கேட்டால் யார் மறுப்பார்கள்? அந்த வாரமே என் பெட்டியில் ஐஸ் பைக்கு இடம் இல்லாமல் போனது.

ஒல்லி நர்ஸை அவள் கழிப்பறை வாசலில் மடக்கினாள். "எல்லாருதும் ஒண்ணா கொட்டிடறோம். உன்னுது எதுன்னு உனக்கே தெரியாது. யாரு சிரிப்பா?" என்றாள். அன்றிலிருந்து அவள் கொடுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு நர்ஸுகள் கொடுத்தார்கள். எந்த வீட்டுப் பால் என்று கேட்ட குடும்பங்களுக்கு, எல்லா வீட்டுப் பாலும்தான், வேண்டாம் என்றால் எழுதிக் கொடுங்கள் என்று பதில் சொல்ல நர்ஸுகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சந்தேகம் பேசிய நர்ஸுகள் மெல்ல அடங்கினார்கள். தன் அக்கா பிள்ளைக்கு யோசிப்பேன் என்றவள் கடைசிவரை யோசித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் பாட்டிலை ஏந்திக்கொண்டு ஓடுவதில் அவளுக்குத்தான் முதலிடம்.

விதிகளை அம்மா போட்டாள். கொடுத்தவள் குழந்தை அறைக்குள் வரக்கூடாது. கொடுத்தவள் பெயரை உள்ளே யாரும் உச்சரிக்கக்கூடாது. குல்லாய், போர்வை எதுவானாலும் வாசலில் உள்ள கூடையில் போடலாம், எந்தக் குழந்தைக்கும் போகும். தையல்காரிக்கு மனசு உடைந்தது. அவளிடம் அம்மா என்ன சொன்னாள் என்று தெரியாது, ஆனால் அவள் தொடர்ந்து கொடுத்தாள். கூடையும் நிறைந்தது. டாக்டருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உலகத்தில் எத்தனையோ வங்கிகளைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கறாராக ரகசியம் காப்பதைப் பார்த்ததில்லை என்றார். அதைத் தொழில் நேர்மை என்று நினைத்தார். இப்போது அர்ப்பணிப்பு என்று எழுதுகிறார்.

சூளைக்காரியிடம் அம்மா பேசியதை மட்டும் நான் கேட்டேன். வார்டின் பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்த குளிர்பெட்டியின் மின்கம்பியை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் முதுகோடு பேசினாள்.

"அது மருந்து. மாத்திரை குடுத்தவனை யாராவது அப்பான்னு கூப்பிடுவாங்களா? எந்திரி. உன் வாசனை அவனுக்குத் தெரியும். உன்னுது ஒரு கரண்டி வந்தாலும் அதுதான் அவனுக்குச் சாப்பாடு, மத்ததெல்லாம் துணைக்கு."

சூளைக்காரி எழுந்து உட்கார்ந்தாள். அம்மா கிண்ணத்தை நீட்டினாள். "எனக்கு இது வரவே இல்ல. உனக்கு வருது. அதைக் கொண்டுபோய் வீணாக்கறியே" என்றாள்.

என்னிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை. வருடக்கணக்காக ஒரே வீட்டில் இருந்தோம். முன்பின் தெரியாத ஒருத்தியின் முதுகுக்குச் சொல்கிறாள். கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த விரலில் கீறிவிட்டது. அந்தச் சூளைக்காரி மீது எனக்கு வந்தது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பிள்ளை தேறி வீட்டுக்குப் போனான். தாயின் பாலில்தான் போனான்.

பிறகும் அம்மா ஓய்வு பெறும்வரை வங்கி அவள் பிடியில்தான் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு இதயம் பலவீனமானது. அப்பா முன்பே போய்விட்டார். அவள் படுக்கையில் இருந்த மாதங்களில் அத்தை பார்க்க வருவாள். சலவைக்கூடத்து வேலையை விட்டு அவளும் தன் வீட்டோடு இருந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடப்பாள். அத்தைக்கும் தெரியும். "சரி, தூங்கட்டும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருப்பாள். அவள் போனதும் அம்மா கண்ணைத் திறந்து, "இவ்ளோ நேரம் என்ன பேச்சு?" என்பாள். ஒருநாள் திடீரென்று கேட்டாள்.

"உனக்கு அவ ஜாடை இருக்கா?"

மூச்சு வாங்கியது அவளுக்கு. இது பதில் சொல்லக்கூடிய கேள்விதான். பால் எப்படிச் செரிக்கிறது, ஜாடை எதிலிருந்து வருகிறது என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு மதிய வேளையில் இறந்துபோனாள்.

உறவினர்கள் வந்து, இருந்து, கிளம்பிய பிறகு ஒரு நாள் அத்தை வந்தாள். நான் மருந்துப் புட்டிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவின் கட்டிலில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள். தேநீர் கொடுத்தேன். கொஞ்சம் குடித்தாள்.

"உங்கம்மா என்னை உன்னோட ஒரு நாளும் தனியா விட்டதில்ல" என்றாள். "நான் உன்னை மடியில போட்டா போதும், எங்க இருந்தாலும் வந்துடுவா. பக்கத்துல உக்காந்து உன் காலைப் பிடிச்சுக்குவா. ரெண்டு காலும் அவ ஒரு கைக்குள்ள அடங்கும், அத்தனூண்டு நீ. குடிச்சு முடிக்கிற வரைக்கும் விட மாட்டா. ஆனா பாக்க மாட்டா. மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்குவா. அங்க என்ன, நான் காயப்போட்ட துணிதான் ஆடிக்கிட்டிருக்கும்."

நான் புட்டியைக் கீழே வைத்தேன்.

"எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் என்ன உன்னைத் தூக்கிக்கிட்டா ஓடப்போறேன்? அதுகூடப் போகட்டும். நீ பண்ணதுதான் எனக்கு ஆறவே இல்ல."

"நான் என்ன பண்ணேன்?"

"குடிக்கிறது என்கிட்ட. பாக்கிறது அவளை." அத்தை டம்ளரைத் தரையில் வைத்தாள். "கொஞ்சம் தேறி, கண்ணு நிலைக்க ஆரம்பிச்சதும் அப்படித்தான். என் பையன் என் மூஞ்சிய விட்டுக் கண்ண எடுக்க மாட்டான். நீ கழுத்தைத் திருப்பித் திருப்பி அவளையே பாப்ப. நான் கன்னத்தைத் தட்டுவேன், நாக்கைச் சொடுக்குவேன். ம்ஹூம். அவ இருமினாக்கூட வாயில இருக்கறதை விட்டுட்டுத் திரும்பிடுவ. பால் என்னுது. ஒரு நாளாவது என்னைப் பாக்கக் கூடாதா?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? அவதான் ஜன்னலைப் பாத்துக்கிட்டிருந்தாளே."

"நீங்க சொல்லலையா?"

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"எதுக்குச் சொல்லணும்? பாலைக் குடுத்துட்டேன். அதையும் குடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கு?"

கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை நான் இன்னும் மாற்றவில்லை. ஒரு வாக்கியம். ஏதாவது ஒரு நாள், பஸ் நிறுத்தத்தில், மருந்துக்கடையில், எங்கேயாவது இவள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் வேறு என்னென்னவோ சொன்னவள்.

நான் அவளைப் போகச் சொன்னேன். சத்தம் போடவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன்.

அவள் குடிக்கவில்லை. கையை ஊன்றி எழுந்தாள். வாசலில் நின்று செருப்பைக் காலால் தேடிக்கொண்டே என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"முறைக்கிறதுகூட அப்படியே அவதான்" என்றாள்.

அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அம்மாவின் குரலிலும் அதை நிறையக் கேட்டிருக்கிறேன்.